கருக்களாச்சேரிக்கு யார் சட்டம் எழுதினார்கள்?

காரைக்கால் மாவட்டத்தின் கடலோர மீனவ கிராமங்களில் ஒன்று கருக்களாச்சேரி. பெரிய ஊர் இல்லை. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலுக்குள் நுழைந்த கதையில் முதல் பக்கத்திலேயே இந்தப் பெயர் வந்துவிடுகிறது.

1738இல் தஞ்சாவூர் மராட்டிய அரசில் பதவிச் சண்டை. அதில் சிக்கியிருந்த சாகுஜிக்குப் பணம் தேவைப்பட்டது. பாண்டிச்சேரி கவர்னராக இருந்த துமாவுக்குச் சோழநாட்டுக் கடற்கரையில் ஓர் இடம் தேவைப்பட்டது. பேரம் படிந்தது. 40,000 சக்கரத்துக்கு (சக்கரம் என்பது அன்றைய தஞ்சாவூர் நாணயம்) காரைக்கால் ஊர், கருக்களாச்சேரிக் கோட்டை, கூடவே ஐந்து கிராமங்கள். 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு சாகுஜிக்கு வட்டியில்லாக் கடனாக இன்னொரு 10,000 சக்கரம். ஐந்து கிராமங்களுக்கும் ஆண்டு வாடகை 2,000 சக்கரம்.

நல்ல சுத்தமான கணக்கு! விற்றவர், வாங்கியவர், விலை, கடன், வாடகை எல்லாமே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அந்த ஊர்களில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

அன்று தொடங்கி, இந்தச் சின்ன நிலத்துக்கான விதிகளைப் பல கைகள் எழுதியிருக்கின்றன. அந்நியர் கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற முயற்சியும் பல தடவை நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் விலகியது. ஆனால் விலகிய இடத்தில் யார் போய் உட்கார்ந்தார்கள்? கதையே அங்கேதான் இருக்கிறது.

முதல் வேலி: மாமூல்

18ஆம் நூற்றாண்டு முழுக்கக் காரைக்கால் பந்து மாதிரி கைமாறிக்கொண்டே இருந்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு 1817 ஜனவரியில்தான் காரைக்கால் நிலையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

வந்தவர்கள் கையோடு நெப்போலியனின் சட்டத் தொகுப்புகளும் வந்தன. 1819 ஜனவரி 6 ஆணை அவற்றை இங்கே அமலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதே ஆணையில் ஒரு பிரிவு இருந்தது. இந்தியர்கள், அவர்கள் இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, முன்போலவே தங்கள் தங்கள் சாதியின் சட்டம், வழக்கம், மாமூல்படிதான் தீர்ப்புப் பெறுவார்கள் என்றது அந்தப் பிரிவு. கல்யாணம், சொத்து, வாரிசு, தத்து எதிலும் பாரிஸ் சட்டம் தலையிடாது.

பிரெஞ்சு நீதிபதிக்கு மாமூல் எப்படித் தெரியும்? அதற்காக 1827இல் இந்தியர்களையே உறுப்பினர்களாகக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. வழக்கில் சிக்கல் வந்தால் நீதிமன்றம் இந்தக் குழுவைக் கேட்கும். குழு "எங்கள் வழக்கம் இது" என்று சொல்லும்.

அந்நியச் சட்டத்துக்கு இங்கே போடப்பட்ட முதல் வேலி இதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் பெருந்தன்மையான ஏற்பாடு. கொஞ்சம் உள்ளே போனால் வேறு விஷயம் தெரியும். ஆணை "சாதியின் வழக்கம்" என்றது. அப்படியானால் வழக்கம் எது என்று சொல்லும் உரிமை யாருக்குப் போகும்? ஊரில் ஏற்கெனவே சொல்வாக்கு உள்ளவர்களுக்குத்தான். கடல்மேல் போகிறவனோ, வயலில் நாற்று நடுகிற பெண்ணோ அந்தக் குழுவில் உட்காரப் போவதில்லை. அந்நியர் கை தடுக்கப்பட்டது. கூடவே ஊர்ப் பெரியவர்களின் கை சட்டத்தாலேயே பலப்படுத்தப்பட்டது.

கையெழுத்து பாரிஸில்

மற்ற விஷயங்களில் எழுதுகோல் பாரிஸிலேயே இருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு நாடாளுமன்றம் போடும் சட்டம் தானாகக் காலனிக்கு வராது. 1854 மே 3 தேதியிட்ட ஒரு சட்டம், மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியோன் ஆகிய மூன்று பழைய காலனிகளைத் தவிர மற்றவை எல்லாம் பேரரசரின் ஆணையாலேயே ஆளப்படும் என்று சொன்னது. பேரரசர் போனார், குடியரசு வந்தது. ஆனால் ஆணையால் ஆளும் முறை மட்டும் போகவில்லை. 1946 வரை நீடித்தது!

நடைமுறை இப்படி. பாரிஸில் காலனி அமைச்சகம் ஓர் ஆணையைத் தயாரிக்கும். அது கப்பலில் பாண்டிச்சேரிக்கு வரும். கவர்னர் அதை இங்கே முறைப்படி பிரகடனம் செய்தால்தான் செல்லும். சின்ன விஷயங்களுக்குக் கவர்னரே உத்தரவு போடுவார். காரைக்கால், பாண்டிச்சேரியிலிருந்து தெற்கே சுமார் 130 கி.மீ. இடையில் முழுக்க ஆங்கிலேயர் நிலம். பாரிஸுக்குப் பாண்டிச்சேரி ஒரு மூலை என்றால், பாண்டிச்சேரிக்குக் காரைக்கால் ஒரு மூலை.

விவாதம் நடந்து, ஓட்டெடுத்து, தோற்கும் வாய்ப்பும் உள்ள ஒன்று சட்டம். ஓர் அறையில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்துபோகும் ஒன்று ஆணை. காரைக்காலுக்கு வந்ததெல்லாம் இரண்டாவது வகை.

செருப்பு வழக்கும் ஓட்டுச் சீட்டும்

1870க்குப் பிறகு பிரான்சில் குடியரசு வந்தது. "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்" காலனிக்கும் கொஞ்சம் வழிந்தது. பாரிஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவுக்கு ஓர் இடம். 1879இல் பொது மன்றம். 1880 மார்ச் 12 ஆணைப்படி பத்து நகராட்சிகள். அவற்றில் காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு மூன்றும் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவை. 1907இல் கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு சேர்ந்து ஆறாயின. இன்றும் காரைக்கால்காரர்கள் வாயில் புழங்கும் "கொம்யூன்" என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான்.

இதே காலத்தில்தான் அந்தப் பிரபலமான செருப்பு வழக்கு. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலக் காலில் ஷூ போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் இப்படி வருவது வழக்கமில்லை என்று நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பி பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது, உள்ளூர் நீதிபதி பிடித்துக்கொண்ட ஆயுதம் "வழக்கம்". பொன்னுத்தம்பிக்குக் கைகொடுத்தது பாரிஸ். அந்நியர் சட்டத்தைத் தள்ளி வைப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்மை செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1881 செப்டம்பர் 21இல் இன்னொரு ஆணை. விரும்புகிற இந்தியர் தன் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு, ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். திரும்பிப் போக முடியாது. இப்படித் துறந்தவர்கள்தான் "ரெனோன்சான்" எனப்பட்டவர்கள். பொன்னுத்தம்பி தன் பெயரோடு "லா போர்த்" என்று சேர்த்துக்கொண்டார். பிரெஞ்சு மொழியில் "கதவு" என்று பொருள்!

எதிர் அணியில் நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். பிரெஞ்சுச் சட்டம் நம் வழக்கத்துக்குள் நுழையக் கூடாது என்பது அவர் கட்சியின் கொள்கை. பிரெஞ்சிந்திய அரசியலைப் பல ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்த மனிதர். அந்நியச் செல்வாக்கைத் தடுக்கிறோம் என்ற கோஷத்துக்கு அன்றைக்கே ஓட்டு விழுந்தது. ஆனால் அந்தக் கோஷம் காப்பாற்றிய "நம் வழக்கம்" என்பதற்குள் சாதி வரிசையும் பத்திரமாக இருந்தது.

சரி, ஓட்டாவது சமமா என்றால் அதுவும் இல்லை. 1884இல் வாக்காளர்கள் மூன்று பட்டியலாகப் பிரிக்கப்பட்டார்கள். ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தவர்களும் முதல் பட்டியல். ரெனோன்சான்கள் இரண்டாவது. மற்ற இந்தியர் எல்லோரும் மூன்றாவது. கையளவு ஐரோப்பியருக்கு அவர்கள் தலைக்கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத அளவு இடங்கள். 1899இல் பட்டியல் இரண்டாகக் குறைந்தது. ஒரே பட்டியல் ஆனது 1945இல்தான்.

12 உயிர்கள் எழுதிய ஆணை

பாரிஸ் ஆணைகளில் தொழிலாளர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது 1937 ஏப்ரல் 6 ஆணை. அது வந்த விதம் மற்ற ஆணைகள் வந்த விதம் இல்லை.

பாண்டிச்சேரி பஞ்சாலைகளில் வேலை நேரத்துக்கு வரம்பில்லாமல் இருந்தது. வ. சுப்பையா போன்றோர் முன்னின்று தொழிலாளர்களைத் திரட்டினார்கள். வேலைநிறுத்தம். 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். விஷயம் பாரிஸ் வரை எட்டியது. அப்போது அங்கே லெயோன் ப்ளூம் தலைமையில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஆட்சி. அடுத்த ஆண்டு வந்த ஆணை எட்டு மணி நேர வேலையையும் தொழிற்சங்க உரிமையையும் கொடுத்தது.

காகிதத்தில் பார்த்தால் இதுவும் அந்நிய நாட்டு ஆணைதான். கையெழுத்து பாரிஸில்தான் விழுந்தது. ஆனால் அதன் உள்ளடக்கத்தை எழுதியவர்கள் முதலியார்பேட்டை ஆலைத் தொழிலாளர்கள். விதியால் பாதிக்கப்படுகிறவன் குரல் அந்த விதிக்குள் முதல்முறையாக நுழைந்தது அப்போதுதான். அதற்கு 12 உயிர் விலை.

கீழூரில் 178 பேர்

1947க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இருப்பது கேள்விக்குறியானது. 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும், இந்தப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே முடிவு செய்வார்கள் என்று ஒப்புக்கொண்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று நேரடி வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் சேர 7,463 ஓட்டு, எதிராக 114.

தெற்கே அப்படி நடக்கவில்லை. இழுபறி, கெடுபிடி, சுங்கச் சாவடி என்று வருடங்கள் ஓடின. பிரெஞ்சு ஆதரவு அணியின் பெரிய தலையாக இருந்த எதுவார் குபேர் (பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குக் "குபேர் அங்காடி" என்று பெயர் வந்தது இவரால்தான்) 1954 மார்ச்சில் இந்தியா பக்கம் சாய்ந்தார். காற்று திசை மாறியது. 1954 அக்டோபர் 18, கீழூர். பாண்டிச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களும் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. அக்டோபர் 21 டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1 காலை நிர்வாகம் கைமாறியது.

215 வருட அந்நிய ஆட்சி முடிந்தது. சந்தோஷமான நாள்தான், சந்தேகமில்லை. ஆனால் 178 பேர் ஓட்டளித்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சந்திரநாகூரில் கேட்ட மாதிரி கருக்களாச்சேரியில் வீடு வீடாக யாரும் கேட்கவில்லை. மக்கள் சார்பில் கேட்கப்பட்டது. 1739ஐவிட இது எவ்வளவோ மேல். முழுமையா என்றால், இல்லை.

எட்டு வருட விநோதம்

இனி வருவதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் மட்டும்தான் இந்தியாவிடம் வந்தது. நிலத்தின் இறையாண்மை சட்டப்படி பிரான்சிடமே இருந்தது. இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. அதை அங்கீகரிக்க பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 வரை எடுத்துக்கொண்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் பத்திரங்கள் பரிமாறப்பட்டன.

நடுவில் எட்டு வருடம் இந்தியா எந்தச் சட்டத்தின் கீழ் இங்கே ஆட்சி நடத்தியது தெரியுமா? 1947ஆம் ஆண்டின் வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டம்! அதாவது, இந்திய எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தில் இந்திய அரசு அதிகாரம் செலுத்துவதற்கான சட்டம். காகிதப்படி பார்த்தால் அந்த எட்டு வருடம் காரைக்காலில் விதி எழுதிய "வெளிநாட்டு அரசு" இந்தியாதான்.

இது வெறும் காகிதக் கதை அல்ல. ஒரு பஸ் பெர்மிட் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. மஸ்தான் சாகிப் வழக்கு என்று பெயர். பாண்டிச்சேரி அதிகாரியின் முடிவை எதிர்த்து மனு. அடிப்படை உரிமை பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் அந்த இடம் இந்திய எல்லைக்குள் இருக்க வேண்டுமே? நீதிமன்றம் மத்திய அரசையே கேட்டது. இன்னும் இந்திய எல்லைக்குள் வரவில்லை என்று அரசு பதில் சொன்னது. 1961இல் வழக்கு அந்தப் பதிலோடு நின்றது. ஒரு பஸ் ஓட்ட அனுமதி கேட்டவர், தான் எந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறோம் என்பதை உச்ச நீதிமன்றத்தில் தெரிந்துகொண்டார்.

புதுச்சேரியில் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 என்று இரண்டு நாட்கள் கொண்டாடப்படுவதற்கு இதுவே காரணம்.

ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு

1956 ஒப்பந்தம் இரண்டு அரசுகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. அதன் இரண்டாம் பிரிவு சொல்வதன் சாரம் இது: இந்தப் பகுதிகளுக்கு முன்பிருந்த தனி நிர்வாக நிலை தொடரும். பின்னால் அந்த நிலையில் அரசியலமைப்பு மாற்றம் ஏதும் செய்வதானால், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும்.

28ஆம் பிரிவும் முக்கியமானது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. 1965இல் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழைக் கொண்டுவந்தது. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு.

பழைய பிரெஞ்சுச் சட்டங்களும் ஒரே இரவில் போகவில்லை. 1963இல் ஒரு தொகுதி, 1968இல் ஒரு தொகுதி என்று இந்தியச் சட்டங்கள் நீட்டிக்கப்பட்டன. ரெனோன்சான் குடும்பங்களுக்குக் கல்யாணம், வாரிசு விஷயங்களில் பிரெஞ்சு உரிமையியல் சட்டமே விட்டுவைக்கப்பட்டது. 1881 ஆணையின் வால் சுதந்திர இந்தியாவுக்குள்ளும் நீண்டது.

அந்நிய நாட்டோடு போட்ட ஒப்பந்தம் நம் அரசின் கையைக் கட்டலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டாம் பிரிவு பிரான்சிடம் கேட்கச் சொல்லவில்லை. மக்களிடம் கேட்கச் சொன்னது. சாகுஜியும் துமாவும் 1739இல் விட்டுவிட்ட வரி, 217 வருடம் கழித்து ஒப்பந்தத்தில் ஏறியது.

விற்பனை வரியும் மெட்ராஸ் சட்டமும்

1963இல் புதுச்சேரிக்குச் சட்டசபை வந்தது. குபேர் முதலமைச்சர் ஆனார். இனி விதி எழுதும் பேனா உள்ளூர்க் கையில். அந்தக் கை உடனே என்ன செய்தது?

1965இல் விற்பனை வரிச் சட்டம் தேவைப்பட்டது. புதிதாக எழுதுவதற்குப் பதில், 1959ஆம் ஆண்டின் மெட்ராஸ் பொது விற்பனை வரிச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்வதாக ஒரு சட்டம் போட்டார்கள். பக்கத்து மாநிலத்தின் சட்டத்தைக் காப்பி அடிப்பதில் தப்பில்லை. எல்லோரும் செய்வதுதான். ஆனால் சட்டம் அமலுக்கு வந்தது 1966 ஏப்ரல் 1. அமலுக்கு வரும் நாளில் மெட்ராஸ் சட்டம் எப்படி இருக்குமோ அப்படியே புதுச்சேரியிலும் செல்லும் என்பது ஏற்பாடு. இடைப்பட்ட காலத்தில் மெட்ராஸ் சட்டசபை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது!

ஆக, புதுச்சேரி சட்டசபை பார்க்காத, விவாதிக்காத திருத்தங்கள் புதுச்சேரி வியாபாரிகள் தலையில் வரியாக இறங்கும். ஷாமா ராவ் என்பவர் வழக்குப் போட்டார். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. வேறொரு சட்டசபை என்ன எழுதினாலும் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது, தன் சட்டமியற்றும் அதிகாரத்தையே ஒப்படைப்பதற்குச் சமம் என்பது தீர்ப்பின் சாரம்.

மெட்ராஸ் அந்நிய நாடு இல்லை. ஒரே மொழி, ஒரே மக்கள். காரைக்காலைச் சுற்றி மூன்று பக்கமும் அந்த மாநிலம்தான். இருந்தாலும் கோட்பாடு அதேதான். வரி கட்டுகிறவன் தேர்ந்தெடுத்த சபை, அந்த வரியை ஒரு முறையாவது படித்துப் பார்த்திருக்க வேண்டும். பாரிஸ் ஆணைக்கு எதிராகச் சொன்னது மெட்ராஸ் திருத்தத்துக்கும் பொருந்தும்.

1979

1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைப்பது பற்றிப் பேசினார். புதுச்சேரி கொதித்தது. கடையடைப்பு, ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கடைசியில் மத்திய அரசு பின்வாங்கியது. அப்போது மக்கள் தரப்புக்குக் கையில் இருந்த வலுவான வாதங்களில் ஒன்று, ஒப்பந்தத்தின் அந்த இரண்டாம் பிரிவு. எங்களைக் கேட்காமல் மாற்றமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்பதுதான் வாதம்.

இன்று

இன்று அந்நியச் செல்வாக்கு பீரங்கியோடு வராது. பணமாக வரலாம். அதைத் தடுக்க இந்தியாவில் 1976 முதல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 2010இல் புதிதாக எழுதப்பட்டது. வேட்பாளர், கட்சி, எம்.பி., எம்.எல்.ஏ., நீதிபதி, அரசு ஊழியர் யாரும் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்கிறது. சட்டம் எழுதுகிறவர்களை வெளிநாட்டுப் பணத்திலிருந்து தள்ளி வைப்பதே நோக்கம்.

2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளான காங்கிரசும் பா.ஜ.க.வும் இந்தச் சட்டத்தை மீறி நன்கொடை வாங்கியதாகத் தீர்ப்பளித்தது. பிறகு நடந்தது என்ன? 2016 நிதிச் சட்டத்தில் "வெளிநாட்டு மூலம்" என்ற சொல்லின் விளக்கம் முன்தேதியிட்டு மாற்றப்பட்டது. 2018இல் அந்த முன்தேதி 1976 வரை பின்னால் நகர்த்தப்பட்டது. வேலிக்குக் காவல் இருந்தவர்களே வேலியை நகர்த்தி வைத்தார்கள். இதில் எந்த அந்நியனையும் குறை சொல்ல முடியாது.

கருக்களாச்சேரி மாதிரி ஒரு கடலோர ஊரின் வாழ்க்கையை இன்று நேரடியாகத் தொடும் விதி, கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு. கரையில் எங்கே வீடு கட்டலாம், எங்கே என்ன தொழில் வரலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்திருக்கிறது. மூன்றும் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்புகள். நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து நிறைவேறிய சட்டங்கள் அல்ல. வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 60 நாள் கொடுப்பது முறை.

அந்த 60 நாளில் ஒரு மீனவர் கருத்துச் சொல்ல வேண்டுமானால் முதலில் வரைவு அவருக்குப் புரிய வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது இந்தப் பிரச்சினை வெடித்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. மொழிபெயர்ப்பதற்குக்கூட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது!

அமைச்சகம் நம்முடையதுதான், தேர்ந்தெடுத்த அரசுதான். பாரிஸோடு ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை. வேண்டாதவர்களை அடுத்த தேர்தலில் மாற்ற முடியும். இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல. அதற்காகத்தான் அவ்வளவு பேர் போராடினார்கள். ஆனாலும் தூரத்தில் ஓர் அறையில், வேறொரு மொழியில் எழுதப்பட்டு, அரசிதழில் வந்து, பிறகு கரைக்கு வந்து சேரும் விதி என்கிற வடிவம் மட்டும் மாறவில்லை.

காரைக்காலின் சுமார் முந்நூறு வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அந்நியர் கையைத் தடுப்பது அவசியம். ஆனால் அது பாதி வேலை. 1819இல் அந்தக் கை விலகியபோது ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். 1954இல் விலகியபோது எட்டு வருடம் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். 1965இல் உள்ளூர் சபையே பேனாவை மெட்ராஸிடம் நீட்டியது. 1937இலும் 1979இலும் மட்டும் மக்கள் தாங்களாகவே உள்ளே நுழைந்தார்கள். இரண்டு தடவையும் ரத்தம் சிந்தித்தான் நுழைய முடிந்தது.

அடுத்த வரைவு என்றைக்காவது வரும். அப்போது ரத்தம் வேண்டாம். கருக்களாச்சேரி கரையில் வலை உலர்த்துகிறவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் ஒரு பிரதியும், பதில் சொல்ல 60 நாளும், சொன்ன பதிலுக்கு அரசின் மறுபதிலும் போதும். இதைக் கேட்பதற்கு எந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவும் தேவைப்படக் கூடாது.